பத்து நிமிடம் போதுமா? வீட்டுக் கோழியும் தினசரி வேலையும்

பிப்ரவரி 3

கேள்வி இது: "கொல்லையில் நாலு பெட்டைக் கோழி வளர்க்கலாம் என்று இருக்கிறேன். வேலைக்குப் போகிறவன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், மற்றபடி அது பாட்டுக்கு மேயும் என்கிறார்கள். உண்மையா?"

பிப்ரவரி 3, இரவு

உண்மைதான். நாலு வருடமாக வைத்திருக்கிறேன். இப்போது ஆறு பெட்டை, ஒரு சேவல். காலையில் கூண்டைத் திறக்கணும், தண்ணீர் மாற்றணும், தீவனம் போடணும். மத்தியானமோ சாயங்காலமோ முட்டை எடுக்கணும். இருட்டியதும் எண்ணிப் பார்த்துக் கதவை அடைக்கணும். அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் நீங்கள் கோழியோடு பேசிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 4

நேற்று ரொம்பத் தெம்பாக எழுதிவிட்டேன். இன்று கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். காலையில் 14 நிமிடம், சாயங்காலம் 9. மொத்தம் 23. பேசிக்கொண்டெல்லாம் நிற்கவில்லை (புள்ளி என்ற பெட்டையிடம் மட்டும் இரண்டு வார்த்தை).

நேரத்தைத் தின்றது தண்ணீர்தான். தண்ணீரை ஊற்றுவது ஒரு நிமிட வேலை. பாத்திரத்தின் உள்பக்கம் பிடித்திருக்கும் வழவழப்பைத் தேய்த்துக் கழுவுவதுதான் வேலை. அதை விட்டுவிட்டு மேலே புதுத் தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்தில் பழைய நாற்றம் வந்துவிடும். அப்புறம் அவை காலால் கிளறி வைக்கோலையும் மண்ணையும் அதிலேயே தள்ளும். பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், பாதிக் குப்பை குறையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஒரு வருடமாகத் தினமும் திட்டிக்கொண்டே கழுவினேன்.

பிப்ரவரி 9

எவ்வளவு தின்னும், எவ்வளவு குடிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முட்டையிடும் பெட்டை ஒன்று நாளைக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். தண்ணீர் கால் லிட்டர் என்று வையுங்கள், வெயில் ஏறினால் அது இரண்டு மடங்காகும். கொல்லையில் மேய்வது இந்தக் கணக்கில் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நாம் ஆசைப்படும் அளவுக்கு இல்லை. "அது பாட்டுக்கு மேயும்" என்பது பெரிய தோட்டம் இருப்பவர்களின் பேச்சு. நாலு கோழி ஒரு சின்னக் கொல்லையில் இறங்கினால் இரண்டு மாதத்தில் புல் போய் வெறும் மண்தான் மிஞ்சும். என்னுடையதில் இப்போது கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி வேலி, மல்லிகையைச் சுற்றி வேலி. கோழியை அடைத்து வைப்பதற்குப் பதில் செடியை அடைத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, தீவனத்தை ராத்திரி வெளியில் விடாதீர்கள். கோழி இருட்டில் தின்னாது. யார் தின்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எலி ஒரு தடவை வந்து ருசி கண்டுவிட்டால் அப்புறம் முட்டைக்கும் வரும், குஞ்சுக்கும் வரும், பின்னாலேயே எலியைத் தேடிப் பாம்பும் வரும். மூடி உள்ள தகர டப்பா ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கடித்து ஓட்டை போட்டுவிடும்.

பிப்ரவரி 10

சேவல் இல்லாமல் முட்டையிடுமா என்று இன்னொருவர். இடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். முட்டைக்கு மட்டும் வளர்க்கிறவர்கள் சேவலைத் தவிர்த்தால் அண்டை வீட்டார் உங்களோடு தொடர்ந்து பேசுவார்கள்.

பிப்ரவரி 22

ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் செய்ய வேண்டிய வேலைகளில் எச்சத்தைப் பார்ப்பதும் ஒன்று. காலையில் கூண்டைத் திறந்ததும் தூங்கும் கட்டைக்குக் கீழே பார்க்கணும். நல்ல எச்சம் கொஞ்சம் கெட்டியாக, பழுப்போ பச்சை கலந்த பழுப்போ இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி மாதிரி இருக்கும். அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். கோழிக்கு இரண்டும் ஒரே வழி.

வளர்க்க ஆரம்பித்த முதல் மாதத்தில் ஒரு நாள் கரும்பழுப்பாக, பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு ஒன்றைப் பார்த்தேன். போச்சு, கழிச்சல் வந்துவிட்டது என்று முடிவு பண்ணி, அது யாருடையது என்று பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் என்ற பெட்டையுடையது. அதைத் தனியாக அடைத்து, மூன்று நாள் கவலைப்பட்டு, கடைசியில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனால் அவர் சிரிக்கிறார். கோழிக்குக் குடலில் இரண்டு குருட்டுப் பை உண்டு, அவை அவ்வப்போது தனியாகக் காலியாகும், ஏழெட்டு எச்சத்துக்கு ஒன்று இப்படித்தான் இருக்கும் என்றார். ஆரோக்கியமான கோழியை மூன்று நாள் சிறையில் போட்டிருக்கிறேன்.

பயப்பட வேண்டியவை வேறு. இரத்தம் கலந்திருந்தால், அதுவும் குஞ்சுகளில், உடனே கிளம்புங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கூடவே கோழி சிறகைத் தொங்கவிட்டுக் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்தாலும் அப்படியே. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திடீரென்று செத்தால் வைத்தியம் பார்க்க வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மார்ச் 7

கூண்டைச் சுத்தம் செய்வது அந்த 23 நிமிடத்தில் இல்லை என்பதை ஒருவர் பிடித்துவிட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன், அது தனி.

நான் தினமும் கூட்டுவதில்லை. தரையில் அரை அடிக்கு மரத்தூளும் காய்ந்த இலையும் போட்டிருக்கிறேன். எச்சம் அதில் விழும், கோழியே கிளறிவிடும், நான் வாரத்துக்கு ஒரு தடவை முள்கரண்டியால் புரட்டி மேலே புதுசாகக் கொஞ்சம் தூவுவேன். கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், மரத்தூளில் கார்பன் அதிகம், இரண்டும் சேர்ந்து மெதுவாக மட்கும். நாற்றமே வராது என்று முன்பு எங்கோ எழுதியிருந்தேன். அதில் ஒரு நிபந்தனை சேர்க்கணும்: காய்ந்திருக்கும் வரை. ஒரு மூலையில் மழை ஒழுகினால் போதும், அம்மோனியா கிளம்பிவிடும். மூக்கை எரிக்கிறதா என்று நின்றபடி சோதிக்காதீர்கள். குனிந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். அது அங்கேதான் ராத்திரி முழுக்க இருக்கிறது. கண்ணில் நீர், தும்மல், மூச்சில் கரகரப்பு எல்லாம் அதிலிருந்தே தொடங்கும்.

எச்சத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் பொசுங்கும். சில மாதம் குவித்து மட்கவிட்டுப் போடுங்கள். மல்லிகை அதற்கப்புறம் பேசிய விதமே வேறு.

மார்ச் 19, இரவு 11

இதை எழுதும்போது உடம்பெல்லாம் அரிக்கிறது.

நாலைந்து நாளாக இருட்டியும் கோழிகள் கூண்டுக்குள் போகவில்லை. வாசலில் நிற்கும், உள்ளே எட்டிப் பார்க்கும், திரும்பி வரும். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டேன், திமிர் என்று நினைத்தேன். கருப்பியின் கொண்டை வெளுத்துக்கொண்டே வந்தது. முட்டையும் குறைந்தது. பகலில் உடம்பைத் தூக்கிப் பிரித்துப் பார்த்தேன், பேன் இல்லை. பேன் என்றால் பகலிலும் உடம்பில் இருக்கும், பின்பக்கத்து இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும். அதெல்லாம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போனேன். தூங்கும் கட்டையின் அடியில் வெள்ளைக் காகிதத்தால் ஒரு இழுப்பு. காகிதத்தில் சிவப்புக் கோடு. சிவப்பு உண்ணி. பகலெல்லாம் கட்டை இடுக்கிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்துகொண்டு, ராத்திரி வந்து இரத்தம் குடித்துவிட்டுப் போகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசித்திருந்தால் சாம்பல் நிறம், குடித்திருந்தால் சிவப்பு. பகலில் கோழியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அவை திமிர் பண்ணவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் தூக்கித் தூக்கி உள்ளே போட்டேன்.

மார்ச் 20

நாலரை மணி நேரம். பத்து நிமிடக் கேள்வி கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

மார்ச் 26

என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு. கட்டைகளைக் கழற்றி வெளியே எடுத்தேன், பழைய மரத்தூள் எல்லாவற்றையும் அள்ளினேன், இடுக்கெல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன், காயவிட்டு, மருத்துவர் சொன்ன மருந்தை அடித்தேன். மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டு எழுதி வைத்தேன், இதைப் பலர் கேட்பதே இல்லை. இன்று இரண்டாவது தடவை அடித்தேன். ஒரே தடவையில் முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், உண்ணியின் முட்டை பொரிந்து ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். கோழியே இல்லாத கூண்டில்கூடப் பல மாதம் பட்டினியாக உயிரோடு கிடக்கும். பழைய கூண்டு யாராவது சும்மா கொடுத்தால் முதலில் காகிதத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

கட்டையின் இரண்டு முனையிலும் இப்போது வாஸ்லின் தடவி வைத்திருக்கிறேன். ஏற முயன்ற உண்ணி அதில் ஒட்டிக்கொள்ளும். தீர்ந்துவிட்டதா என்று சொல்வதற்கு அதுதான் என் கணக்குப் புத்தகம்.

கோழிகள் மண்ணில் புரண்டு குளிப்பது விளையாட்டு இல்லை. காய்ந்த மண்ணும் மணலும் இறகுக்குள் போய்ப் பேனைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் நனையாத ஒரு மூலை அதற்கென்றே வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கோழி வலிப்பு வந்து கிடக்கிறது என்று ஓடி வருவார்கள். நானும் ஓடினேன்.

ஏப்ரல் 11

வெயில். இரண்டு நாளாக மத்தியானம் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நிற்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடி, கால் வழியாகச் சூட்டை விடும், மீதியை மூச்சிரைத்துத்தான் விடணும். அதன் உடம்புச் சூடே 41 டிகிரிப் பக்கம்.

இன்று எடுத்த முட்டையில் இரண்டு, விரல் பட்டாலே உடைகிற மாதிரி இருந்தன. முன்பு ஒருவருக்கு "ஓடு மெலிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, சிப்பித் தூள் வையுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். என் கூண்டில் சிப்பித் தூள் தனிக் கிண்ணத்தில் வருடம் முழுக்க இருக்கிறது. அப்படியிருந்தும் மெலிகிறது. காரணம் மூச்சு. இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கார்பனேட் வருவது அந்த வாயுவிலிருந்துதான். அது குறைந்தால் எவ்வளவு சிப்பி தின்றாலும் ஓடு சரியாகக் கட்டாது. ஆகவே அந்தப் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்: முதலில் நிழல், குளிர்ந்த தண்ணீர், காற்று. சிப்பி அப்புறம்.

இன்று முதல் ஒரு அகலமான தட்டில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தேன். குடிப்பதற்கு இல்லை, நிற்பதற்கு. குட்டச்சி முதலில் இறங்கியது. பத்து நிமிடத்தில் சேவல் அவளைத் தள்ளிவிட்டுத் தான் நின்றது. இரண்டாவது தட்டு வைத்தேன். அதிலும் சேவல்.

சிப்பியைப் பற்றி இன்னொரு வரி. தூளைவிடப் பெரிய துண்டு நல்லது. ஓடு கட்ட இருபது மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி ராத்திரி. பெரிய துண்டு வயிற்றில் மெதுவாகக் கரைந்து அந்த நேரத்துக்குக் கை கொடுக்கும்.

ஏப்ரல் 30

கருப்பி அடையில் உட்கார்ந்துவிட்டது. முட்டைப் பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, கை நீட்டினால் உடம்பை உப்பி உறுமுகிறது, வயிற்றில் இறகைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. உண்ணி நேரத்தில் வெளுத்திருந்த கொண்டை இப்போதுதான் சிவந்தது, அதற்குள் இந்தப் பிடிவாதம். மூன்று நாள் யோசித்துவிட்டு இன்று சாயங்காலம் ஒன்பது முட்டை வைத்தேன். எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை, கூர்முனை கீழே பார்க்க வைத்திருந்தவை. தனிப் பெட்டி, தனி மூலை. பொது முட்டைப் பெட்டியிலேயே விட்டால் மற்றவையும் அதே இடத்தில்தான் வந்து இடும், அப்புறம் எது புதுசு எது பழசு என்று தெரியாது. பென்சிலால் ஒன்பதிலும் கோடு போட்டேன்.

21 நாள். மே 21.

மே 7

ஏழாம் நாள். இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்த்தேன். ஏழில் சிலந்தி மாதிரி நரம்பு ஓடுகிறது, ஒன்றில் சின்னப் புள்ளி துள்ளுவதுகூடத் தெரிந்தது. இரண்டு வெறும் வெளிச்சம். கூமுட்டை. சிறு வயதில் என்னை அப்படித்தான் திட்டுவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பதுதான் அர்த்தம் என்று இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

கருப்பி நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறது. கால் மணி நேரம், இருபது நிமிடம். தின்று, குடித்து, மலை மாதிரி ஒரு எச்சம் போட்டு, ஓடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது எழவில்லை என்றால் நாமே தூக்கி இறக்கிவிடணும், ஆனால் சிறகுக்கு அடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்துத் தூக்கணும். நான் பார்க்காமல் தூக்கி ஒன்றைத் தவறவிட இருந்தேன்.

மே 20

உள்ளிருந்து சத்தம் கேட்கிறது. முட்டைக்குள்ளிருந்தே கீச் கீச். கருப்பி அதற்குப் பதில் சொல்கிறது, மெல்லிய க்ளக் க்ளக். நான் வேலைக்குப் போகவில்லை.

மே 22

ஆறு பொரிந்தன. ஏழாவது ஓட்டில் துளை போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உதவி செய்யலாமா என்று கை பரபரத்தது, செய்யவில்லை. துளைக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்பக்கத்து இரத்தக் குழாய்கள் வற்றும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வந்து சாகும். அது உள்ளேயே செத்துவிட்டது. உரித்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று நேற்று ராத்திரி எல்லாம் யோசித்தேன், இப்போதும் பதில் இல்லை.

மே 24

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். சாகும். இன்று காலை செத்தது. கருப்பி மிதித்துத்தான்: கூண்டு வாசலில் பூனையைப் பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சலாகத் திரும்பியது, கீழே குஞ்சு. மூலை குறுகலாக இருந்தது, விலக இடம் இல்லை. பழமொழி சொன்னவர்கள் விசாலமான முற்றத்தில் வளர்த்திருப்பார்கள். தப்பு என்னுடையது, இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மிச்சம் ஐந்து. பஞ்சாரத்தை வெளியில் கவிழ்த்து அதற்குள் மாற்றிவிட்டேன்.

ஜூன் 2

சுருக்கமாக, ஐந்தும் நலம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் விழுந்து மூழ்கிவிடும். முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட்டாயிற்று, அடுத்த தவணை எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் மூன்றரை, நாலு சதவீதம் கால்சியம், குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும், கூடினால் சிறுநீரகம் கெடும். நேர்மாறாகக் கருப்பி குஞ்சுத் தீவனத்தைத் தின்றால் ஒன்றும் ஆகாது, அது இப்போது முட்டையிடவும் இல்லை.

குஞ்சைத் தொட்டால் கை கழுவுங்கள். முத்தம் கொடுக்காதீர்கள். சால்மொனெல்லா குஞ்சின் அழகைப் பார்த்து ஒதுங்காது.

ஜூலை 27

கருப்பி குஞ்சுகளை விரட்ட ஆரம்பித்தது. முந்தின நாள் வரைக்கும் புழுவைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் கூப்பிட்ட அதே அலகால் திடீரென்று தலையில் ஒரு போடு. அவற்றைப் பெரிய கூட்டத்தோடு சேர்க்க வேண்டியதாயிற்று.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை முதலில் எழுதி வைத்தவர் நார்வேக்காரர், ஷெல்டெருப்-எப்பே, 1920-களின் தொடக்கத்தில். சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தவர். எனக்கு அவர் மேல் பொறாமை, எனக்கு அந்த வயதில் கோழியைத் துரத்தத்தான் தெரிந்தது. இங்கே வரிசை இப்படி: சாம்பல், செவலை, கருப்பி, புள்ளி, மொட்டைக்கழுத்தி, குட்டச்சி. புதுசுகளை அதிகம் கொத்துவது சாம்பல் இல்லை. குட்டச்சி. இத்தனை நாள் கடைசியில் இருந்தது அல்லவா.

ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கவிட்டேன். அப்புறம் ராத்திரி தூங்கும்போது கட்டையில் ஏற்றிவிட்டேன். காலையில் எழுந்து, இவை முன்பே இருந்தவைதானே என்று நினைத்துக்கொள்ளும் என்றார்கள். நினைக்கவில்லை. தீனிப் பாத்திரத்தை மூன்று இடத்தில் வைத்ததும்தான் சண்டை தணிந்தது. தீனி ஒரே இடத்தில் இருந்தால் அதைக் காவல் காக்கலாம், மூன்று இடத்தைக் காவல் காக்க எந்தக் கோழிக்கும் முடியாது.

ஆகஸ்ட் 23

ஐந்தில் மூன்று சேவல். பாதிக்குப் பாதி என்பதுதான் கணக்கு, எனக்கு இப்படி விழுந்தது.

மூன்றும் கூவப் பழகுகின்றன, தொண்டையில் முள் சிக்கிய மாதிரி. விடியலைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நினைத்திருந்தேன். 2013-இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை மங்கிய வெளிச்சத்திலேயே நாள் கணக்காக வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் அது பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் சுழற்சியில் கூவியிருக்கிறது. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. கூட்டத்தின் கொத்து வரிசையில் முதலிடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை காத்திருந்து வரிசையாகப் பின்னால் கூவும் என்பதையும் அவர்களே பிறகு சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து கேட்டேன். சரிதான். பெரியவர் முதலில், ஒரு நொடி கழித்து மூன்று சிறுசுகளும். தெரிந்துகொண்டதால் தூக்கம் ஒன்றும் திரும்பி வரவில்லை.

செப்டம்பர் 6

மூன்றையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கணும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 29

செவலை இல்லை.

செப்டம்பர் 30

நேற்று எழுத முடியவில்லை. முந்தாநாள் வீட்டில் விருந்தாளிகள். இருட்டும் நேரத்தில் போய்க் கதவை அடைத்தேன், எண்ணவில்லை. எல்லாம் தானாக உள்ளே போயிருக்கும், நாலு வருடமாகப் போகிறதே. காலையில் வேலியோரம் இறகு. கூண்டு வலை ஒரு இடத்தில் கிழிந்தும் இருந்தது. ஆக, வெளியே மாட்டிக்கொண்டு போனதா, உள்ளிருந்து இழுக்கப்பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. எண்ணியிருந்தால் அதுவாவது தெரிந்திருக்கும்.

அந்த வலை அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய கோழி வலை. பேர்தான் கோழி வலை, கோழியை உள்ளே வைக்கும், மற்றதை வெளியே வைக்காது. நாய் பல்லால் கிழிக்கும். கீரிக்கும் பூனைக்கும் ஒரு முனை தளர்ந்திருந்தால் போதும். இன்று முழுக்க வெல்டு செய்த அரை அங்குல வலை அடித்தேன், கீழே ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்தேன், தோண்டினால் தட்டும். ஆறு மணி நேரம். இதை நாலு வருடத்துக்கு முன்பே செய்திருந்தால் அதே ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

முதல் நாள் நான் எழுதியதில் "எண்ணிப் பார்த்துக் கதவை அடைக்கணும், அவ்வளவுதான்" என்று ஒரு வரி இருக்கிறது. போய்ப் படித்தேன்.

அக்டோபர் 1

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "ஒரு கோழிதானே" என்றவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 26

கூண்டுக்குள் தலையணை வெடித்த மாதிரி இறகு. ஒரு நிமிடம் நெஞ்சு நின்றுவிட்டது. எண்ணினேன், எட்டும் இருக்கின்றன. சாம்பலும் புள்ளியும் இறகு உதிர்க்கின்றன, அவ்வளவுதான். பார்க்கச் சகிக்கவில்லை, சாம்பலுக்கு வாலே இல்லை, வரிசையில் முதலிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பகல் குறையும்போது வரும் வேலை இது. இறகு பெரும்பாலும் புரதம், ஆகவே இருக்கும் புரதமெல்லாம் அதற்கே போகும், முட்டை நிற்கும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். புதிதாக முளைக்கும் இறகுக் குருத்தில் இரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும், இந்தச் சமயத்தில் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

நவம்பர் 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். நாலு விடைக்கோழி வாங்கிவிட்டாராம், இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்த பிறகும். வலை அரை அங்குலமாம், மகிழ்ச்சி. "எப்போது முட்டையிடும், எப்படித் தெரியும்?" என்கிறார். நாலு மாதம் ஆகிவிட்டதென்றால் இன்னும் ஓரிரு மாதம் பொறுங்கள், இனத்தைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். கொண்டை சிவக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் குனிந்து உட்காரும். முட்டைப் பெட்டிக்குள் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரும். பெட்டி தூங்கும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி அசிங்கம் பண்ணும். முதல் முட்டை சின்னதாக, சில சமயம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருக்கும், ஓடு இல்லாமல் தோல் முட்டையாகக்கூட வரும், பயப்படாதீர்கள்.

எடுத்த முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, ஓட்டின் ஆயிரக்கணக்கான துளைகளை அதுதான் அடைத்து வைக்கிறது. அழுக்கென்றால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவியே ஆகணும் என்றால் சமைப்பதற்கு முன் கழுவுங்கள்.

நவம்பர் 10

அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார், நான் கவனிக்கவில்லை: "கடைசியில் பத்து நிமிடம்தானா?"

இன்று காலை நேரம் வைத்தேன். ஒன்பது நிமிடம். சாயங்காலம் எட்டு கோழியை எண்ணப் போனேன், ஏழுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன், ஏழு. டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலியோரம், செடிக்கடியில், கிணற்றுப் பக்கம் எல்லாம் தேடிவிட்டு வந்தால், புதுப் பெட்டைகளில் ஒன்று மூடி திறந்து கிடந்த தீவன டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒரு முட்டை, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. நாற்பது நிமிடம்.